இப்படிக்கு, மரியநாயகம்

அதிலேயே இரும் பிள்ளை, எழும்ப வேண்டாம். அந்த ஆசனத்துக்கு ஆரும் வரப்போவதில்லை. அதற்கான ரிக்கற்றும் என்னிடம்தான் இருக்கிறது. கைப்பை வைத்திருந்தேன், எடுத்துவிட்டேன், அவ்வளவுதான்.

தமிழ்ப் பிள்ளை என்று கண்டவுடனே தெரிந்தது. தலைக்கு எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிக்கொண்டு பேஸ்போல் பார்க்க வேறு ஆர் வருவார்கள்? ஊரிலிருந்து வந்து எவ்வளவு காலம்? நாலு மாதம்தானோ. இங்கிலீஷ் வகுப்பிலிருந்து கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். மூன்று வரிசை மேலே பெரிய தொப்பியோடு சோளப்பொரி தின்கிற மனுசி உங்கட ரீச்சராக இருக்கவேணும். ஓம், இந்த வருசம் இப்படித்தான். போன வருசம் இந்த மேல்தட்டு ஆசனத்துக்கே சனம் ரெலிபோனைக் காதில் வைத்துக்கொண்டு மணித்தியாலக் கணக்கில் காத்துக் கிடந்தது. இப்போது அகதிகளுக்கு இலவசம். உம்மைச் சொல்லவில்லை, நானும் அகதியாக வந்தவள்தான். ஆனால் நான் காசு கொடுத்து எடுத்துத்தான் வருகிறேன்.

ஆட்டம் விளங்குதோ? விளங்காது. உங்கட ரீச்சருக்கே விளங்கவில்லை, எங்கட ஆள் அவுட்டானதற்கும் கைதட்டுகிறா. நான் சொல்கிறேன், கேளும். முதலில் கிரிக்கெற்றை மறந்துவிட வேணும். கிரிக்கெற் தெரிந்த ஆட்களுக்குத்தான் இது கடைசி வரைக்கும் ஏறாது. என்னுடைய மனுசனுக்கு இரண்டு வருசம் எடுத்தது. எனக்கு முதல் நாளே பிடிபட்டது. ஏனென்றால் யாழ்ப்பாணத்தில் கொன்வென்ற்றில் நாங்கள் ரவுண்டர்ஸ் விளையாடினோம். நாலு கம்பம் நட்டு, கட்டைத் துடுப்பால் அடித்துவிட்டு, ஒரு கையால் பாவாடையைப் பிடித்துக்கொண்டு சுற்றி ஓடவேணும். சிஸ்ரர் கொன்சாகா விசிலும் கையுமாக நிற்பா. இது அதேதான். பெட்டைகளுக்குப் பதிலாகப் புகையிலை சப்பித் துப்புகிற தடியன்கள், அதுதான் வித்தியாசம்.

இந்த வருசம் எங்கட ரீம் கடைசியாக வரும். எழுதி வைத்துக்கொள்ளும். நடுவில் மேட்டிலே நின்று எறிகிறானே ஒரு நெட்டையன், அவனுக்கு நான் வைத்த பெயர் கொக்கு. இரண்டு வருசத்துக்கு முந்தி அவன் எறிந்தால் அடிக்கிறவன் கண்ணுக்குப் பந்தே தெரியாது. இப்போது பாரும், கோயிலில் சாமியார் நற்கருணை கொடுக்கிற மாதிரிக் கொண்டுபோய்க் கையிலே கொடுக்கிறான். மூன்றாம் மூலையில் நிற்கிறவனுக்கு முழங்கால் போய்விட்டது. பின்னாலே புல்லில் நிற்கிறவன் வருசம் முடிய வேறு ரீமுக்குப் போகப்போகிறான், மனதுக்குள்ளே சூட்கேஸ் அடுக்கியாகிவிட்டது, பந்து வந்தால் விருந்தாளி மாதிரிப் பார்க்கிறான். புதுப் பெடியன்களில் ஒருத்தன் தேறுவான், அந்த இடக்கைக்காரன். ஆனால் அவன் தேறுகிற காலத்தில் எனக்குக் கண்ணிலே வெள்ளை விழுந்துவிடும்.

இரண்டு வருசம் தொடர்ந்து முதலாவதாக வந்த ரீம், பிள்ளை. இரண்டாம் முறை வென்ற அன்று ஸ்காபரோவில் எங்கட பதினோராம் மாடி வீட்டில் நானும் இவரும் கத்தின கத்தில் கீழ்வீட்டுச் சீனாக்காரன் தடியால் முகட்டில் இடித்தான். ஊரைவிட்டு வந்தபிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வாய்விட்டுச் சிரித்தது அந்த ஒரு நாள்தான்.

இவர் என்றால் என்னுடைய மனுசன், மரியநாயகம். இங்கேதான் வேலை செய்தவர். இந்த ஸ்ரேடியத்துக்குச் சாப்பாடு கொடுக்கிற கொம்பனி ஒன்று இருக்கிறது, அதின் குசினியில், எங்கட காலுக்குக் கீழே இரண்டு தட்டு இறங்கினால் வருகிற இடத்தில். வெங்காயம் வதக்குகிறது, சொசேஜ் பிரட்டுகிறது. ஊரில் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்த மனுசன். வேலை எடுத்துக் கொடுத்தது எமிலியன் என்கிற பெடியன், எங்கட மாதா கோயில்காரன். நாங்கள் வீடு மாறினபோது லிப்ற் பழுதென்று மெத்தையைத் தலையில் வைத்துப் பதினொரு மாடியும் ஏற்றித் தந்தவன். நல்ல பெடியன்தான். நான் இல்லையென்று சொல்லவில்லை. வேலையாட்களுக்கு மாதத்தில் இரண்டு ரிக்கற் கொடுப்பார்கள், மேல்தட்டில். இவருக்கு ஓய்வான நாளில் வந்து இருப்போம். நான் ஆட்டத்தை விளங்கப்படுத்துவேன், அவர் தலையாட்டுவார். பிறகு பார்த்தால் அவர் எனக்கு விளங்கப்படுத்துகிற அளவுக்கு வந்துவிட்டார். அந்தக் கொக்கு எந்த விரலால் பந்தைப் பிடிக்கிறான் என்பது வரைக்கும் சொல்லுவார்.

பார்த்தீரோ, அதையும் விட்டான். அதைச் சிஸ்ரர் கொன்சாகாவே பிடித்திருப்பா.

போன ஓகஸ்ட்டில் விளையாட்டுக்காரர் வேலைநிறுத்தம் என்று எழும்பிப் போனார்கள். ஒரு வெள்ளிக்கிழமை. அதோடு அந்த வருசம் முழுக்க முடிந்தது, கடைசிக் கோப்பைகூட இல்லை. உமக்கு அது என்னவென்று தெரியாது. உலகத்தில் இருக்கிற காசெல்லாம் அவர்களிடம்தான். ஒவ்வொருத்தனுக்கும் மாளிகை. அவர்களும் வேலைக்காரர், முதலாளிக்கு எதிராக நிற்கிறார்களாம். நான் ரீவிக்கு முன்னாலே நின்று பேசின பேச்சைக் கொன்வென்ற்றில் கேட்டிருந்தால் வாயைச் சவர்க்காரம் போட்டுக் கழுவியிருப்பார்கள்.

அவர்கள் போனதோடு குசினியும் மூடினது. விளையாட்டு இல்லாவிட்டால் ஆருக்கு வெங்காயம்? ஒரே நாளில் இருநூறு பேரும் வீட்டிலே. இவர் அந்தக் குளிர்காலம் முழுக்கச் சன்னலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தார். அதுவாவது பரவாயில்லை. விளையாட்டுக்காரர் பக்கம் நின்று கதைத்தார், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

"றீற்றா, விளையாடுறவனும் கூலிக்குத்தானே விளையாடுறான். எவ்வளவு கூலி எண்டது வேறை கதை" என்றார்.

"அவங்களாலைதானே நீங்கள் சன்னலைப் பாத்துக்கொண்டு இருக்கிறியள்?" என்று கேட்டேன்.

"அவங்களாலை இல்லை" என்றார். அவ்வளவுதான். இவர் எப்போதும் அப்படித்தான், பாதி வசனம் பேசிவிட்டு மீதியை நான் கண்டுபிடிக்க வேணும்.

எனக்கு வேலைநிறுத்தம் என்றால் ஏன் பற்றிக்கொண்டு வருகிறது தெரியுமோ? எண்பதாம் ஆண்டு ஆடி மாதம். நீர் பிறந்திருப்பீரோ என்னவோ. நாடு முழுக்க அரசாங்க உத்தியோகத்தர் வேலைநிறுத்தம் செய்தார்கள். எங்களுக்குக் கலியாணமாகி எட்டு மாதம். இவரும் போகாமல் நின்றார். அரசாங்கம் என்ன செய்தது? வராதவர்கள் எல்லாரும் வேலையை விட்டுப் போனவர்கள் என்று சொல்லிக் கதவைச் சாத்தினது. பக்கத்து மேசை ஆள், பஞ்சலிங்கம், ஒவ்வொரு நாளும் பின்வாசலால் உள்ளே போய்க் கையெழுத்து வைத்துவிட்டு வந்தவர். அந்த ஆள் பிறகு தலைமைக் கிளாக்கர். அவருடைய மனுசி சந்தையில் என்னைக் கண்டால் காப்பைக் குலுக்கிக்கொண்டு சுகம் விசாரிப்பா. அன்றைக்கே நான் மனதுக்குள் முடிவு செய்தேன், இந்த மனுசன் இனி ஒரு வேலைநிறுத்த வரிசையிலும் நிற்கக் கூடாது. நான் விடமாட்டேன்.

இந்தச் சித்திரை மாதம் விளையாட்டுக்காரரின் பிரச்சினை ஒருமாதிரி முடிந்தது. ஆட்டம் தொடங்கப்போகிறது என்று செய்தி. சாப்பாட்டுக் கொம்பனியிலிருந்து எல்லாருக்கும் கடிதம் வந்தது. நான்தான் வாசித்தேன். பழைய ஆட்கள் திரும்பி வரலாம், ஆனால் புதிதாகச் சேர்கிறவர்களாகக் கையெழுத்து வைக்க வேணும். முந்தி வேலை செய்த வருசக் கணக்கெல்லாம் இல்லை. எல்லாரையும் எடுக்கவும் மாட்டார்கள், பாதிப் பேர் போதும். சனம் முந்தின மாதிரி வராது என்று அவர்களுக்கும் தெரியும்தானே.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எமிலியன் வீட்டுக்கு வந்தான், இன்னும் நாலு பேரோடு. நான்தான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். கையில் ஒரு கடுதாசி. ஆரும் தனித்தனியாகப் போய்க் கொம்பனிப் பத்திரத்தில் கையெழுத்து வைப்பதில்லை, எடுத்தால் இருநூறு பேரையும் எடுக்க வேணும், வருசக் கணக்கோடு எடுக்க வேணும், இல்லாவிட்டால் ஆட்டம் தொடங்குகிற அன்றைக்குக் குசினியில் அடுப்பு எரியாது என்று எழுதியிருந்தது. இங்கிலீஷ் படுமோசம். மூன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதினது மாதிரி.

"அண்ணை, நீங்கள் மூத்த ஆள். நீங்கள் போட்டால் மற்றவையும் போடுவினம்" என்றான் எமிலியன்.

இவர் கண்ணாடியைத் தேடி எடுத்து, வாசிக்கிறது போல ஒரு நிமிசம் வைத்திருந்து, கையெழுத்துப் போட்டார். என்னைப் பார்க்கவேயில்லை. பார்த்தால் நான் என்ன சொல்லுவேன் என்று தெரியும்.

அவர்கள் போனபிறகு கேட்டேன். "எண்பதாம் ஆண்டு காணாதோ?"

"அண்டைக்கு நாங்கள் செய்தது பிழையெண்டு நான் ஒரு நாளும் சொன்னதில்லை, றீற்றா. நீர்தான் சொன்னனீர்" என்றார்.

பதினைந்து வருசம், பிள்ளை. பதினைந்து வருசமாக என்ன நினைத்துக்கொண்டிருந்தார் பாரும்.

திங்கட்கிழமை நான் கொம்பனி மனேஜருக்குக் கடிதம் எழுதினேன். அதில் ஒரு புதினமும் இல்லை. எங்கட வீட்டில் கடிதம் எழுதுகிறது எப்போதும் நான்தான். குடிவரவுக்காரருக்கு, வீட்டுக்காரனுக்கு, வங்கிக்கு, எல்லாம் இவர் பெயரில், என் எழுத்தில். கையெழுத்தையும் நானே போட்டுவிடுவேன், அவருடையதைவிட நான் போடுகிற அவருடைய கையெழுத்து வடிவு. எங்கட மாடிக் கட்டடத்தில் பாதிச் சனத்துக்கு நான்தான் எழுதிக் கொடுத்தேன். எமிலியன் ஊரிலிருந்து தாயை இங்கே கூப்பிட்டு எடுத்ததே என்னுடைய கடிதத்தால்.

என்ன எழுதினேன்? உண்மையைத்தான் எழுதினேன். எமிலியன் கொண்டுவந்த கடுதாசியில் நான் வற்புறுத்தலால் கையெழுத்து வைத்தேன், எனக்கு இதில் சம்பந்தம் இல்லை, வேலைக்கு வர விருப்பம் என்று எழுதினேன். சிஸ்ரர் கொன்சாகா சொல்லுவா, ஒரு கடிதம் எழுதினால் வாசிக்கிறவர் திரும்ப ஒரு கேள்வி கேட்கக் கூடாது. திகதி, நேரம், இடம், ஆட்கள் எல்லாம் இருக்க வேணும். அதனால் ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரைக்கு வீட்டுக்கு வந்த ஐந்து பேரின் பெயரையும் எழுதினேன். பெயர் இல்லாமல் எழுதினால் அது மொட்டைக் கடிதம் மாதிரி இருக்கும்தானே. கொன்வென்ற்றில் நான் மொனிற்றர். ரீச்சர் வெளியே போனால் கதைக்கிற பிள்ளைகளின் பெயரைக் கரும்பலகையில் எழுதுவேன். அதற்காக ஆரும் என்னோடு கோபித்ததில்லை. கோபித்திருந்தாலும் என்னிடம் வந்து சொல்லவில்லை.

கடைசியில், இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள, எஸ். மரியநாயகம்.

நான் நினைத்தது இவருக்குக் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள், மற்றவர்களும் பிறகு ஒவ்வொருத்தராகப் போவார்கள், எல்லாம் சரிவரும் என்று. பாதிக்கு நான் நினைத்த மாதிரித்தான் நடந்தது. இவருக்குக் கூப்பிட்டார்கள். அந்த ஐந்து பேருக்கும் மட்டும் இனி இந்தப் பக்கம் வரவேண்டாம் என்று கடிதம் போனது. மற்றவர்கள் பயந்து வரிசையில் நின்று கையெழுத்து வைத்தார்கள். மனேஜர் என்கிற மடையன் என்னுடைய கடிதத்தைப் பிரதி எடுத்து ஆட்களுக்குக் காட்டியிருக்கிறான், உங்கட ஆளே எப்படி எழுதியிருக்கிறார் பாருங்கள் என்று. படித்த மனுசன் செய்கிற வேலையா அது? ஒருவர் நம்பி எழுதின கடிதம்.

கொஞ்சம் பொறும். எங்கட ஆள் ஒருத்தன் மூன்றாம் மூலையில் நிற்கிறான், இந்த அடி நன்றாக விழுந்தால் ஒரு ஓட்டம் கிடைக்கும். விழாது. சொன்னேனே.

அடுத்த ஞாயிறு கோயில் படியில் எமிலியன் வந்தான். கையில் அந்தப் பிரதி. பூசை முடிந்து முழுச் சனமும் வெளியே வருகிற நேரம்.

"அண்ணை, இது நீங்கள் எழுதினதோ?" என்று கேட்டான். சத்தம் போடவில்லை. மரியாதையாகத்தான் கேட்டான்.

இவர் வாங்கிப் பார்த்தார். வாசிக்கவில்லை, அந்த இங்கிலீஷ் இவருக்கு வாசிக்க வராது. எழுத்தைப் பார்த்தார். என்னுடைய எழுத்து வலப்பக்கம் சரிந்திருக்கும், எங்கட கொன்வென்ற்றில் எல்லாருக்கும் அப்படித்தான் பழக்கினார்கள். கீழே தன்னுடைய பெயரைப் பார்த்தார். நான் பக்கத்தில்தான் நிற்கிறேன், கையில் செபமாலையோடு.

"ஓம்" என்றார். "நான்தான் எழுதினனான்."

எமிலியன் அவரைப் பார்க்கவில்லை, பிள்ளை. என்னைப் பார்த்தான். அவனுக்குத் தெரியாதோ? தாய்க்கு நான் எழுதின கடிதங்களை இன்னும் பைலில் போட்டு வைத்திருக்கிறவன்.

"சரி அக்கா" என்றான். இவரிடம் இல்லை, என்னிடம். கடுதாசியை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான்.

நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்கப்போகிறீர். திறக்க முந்தி அவர் சொல்லிவிட்டாரே. அதற்குப் பிறகு நான் இல்லை நான்தான் என்று சொன்னால், சனத்துக்கு முன்னால் அவரைப் பொய்காரராக்குகிற மாதிரி ஆகாதோ? நான் அவருடைய மரியாதையைத்தான் பார்த்தேன்.

அன்றிலிருந்து ஒருத்தரும் இவரோடு கதைப்பதில்லை. கோயிலில் சமாதானம் சொல்லிக் கைகொடுக்கிற நேரத்தில் முன்வரிசைக்காரர் திரும்புவதில்லை. லிப்ற்றில் இவர் ஏறினால் ஆட்கள் எதையோ மறந்துவிட்டோம் என்று இறங்குகிறார்கள், ஒவ்வொரு முறையுமோ மறக்கிறது? தமிழ்க் கடையில் மீன் வெட்டுகிறவன் இவருக்குக் கடைசியாகத்தான் வெட்டுகிறான். என்னோடு கதைக்கிறார்கள். ஐயோ பாவம் அக்கா என்று கதைக்கிறார்கள். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

கொம்பனி கொடுத்த வேலைக்கு இவர் போகவில்லை. நான் காலில் விழாத குறையாகச் சொல்லிப் பார்த்தேன். ஐந்து பேரை வெளியே விட்டுவிட்டு அந்த அடுப்பில் கை வைக்கமாட்டாராம். பிறகு ஒரு நாள் கேட்டார். பதினைந்து வருசத்தில் இவர் என்னிடம் கேட்ட ஒரே பொருள் அதுதான் என்று நினைக்கிறேன்.

"உம்மடை பேரிலை ஒரு வரி எழுதித் தாரும், றீற்றா. கடிதம் எழுதினது நான் எண்டு. எமிலியனிட்டைக் குடுக்கிறன்."

"நீங்களே சொல்லுங்கோவன். உங்களுக்கு வாய் இல்லையோ?"

"நான் சொன்னால் பெண்சாதியைக் காட்டிக் குடுத்ததாய்ப் போகும். நீராய்ச் சொல்லவேணும்."

எழுத இருந்தேன், பிள்ளை. நான் கல்நெஞ்சக்காரி இல்லை. கடுதாசி எடுத்தேன், திகதி போட்டேன், வலது பக்கத்தில் முகவரி எழுதினேன். இங்கிலீஷிலா தமிழிலா என்றே அரை மணித்தியாலம் போனது. ஒரு வரிதானே கேட்டார், அந்த ஒரு வரி வரவில்லை. சரி, கீழிருந்து மேலே போவோம் என்று முதலில் இப்படிக்கு என்று எழுதினேன். அதற்குக் கீழே பேனாவை வைத்தால் கை தன்பாட்டில் எஸ். மரியநாயகம் என்று எழுதுகிறது. என்னுடைய பெயரில் நான் இதுவரைக்கும் ஒரு கடிதமும் எழுதினதில்லை. அது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

கிழித்துப் போட்டேன். யோசித்துப் பார்க்க, நான் செய்த பிழைதான் என்ன? பொய் ஒன்றும் எழுதவில்லை. எல்லாவற்றுக்கும் தொடக்கம் அந்த விளையாட்டுக்காரர். அவர்கள் ஒழுங்காக விளையாடியிருந்தால் குசினி மூடியிருக்காது, கடுதாசி வந்திருக்காது. அங்கே கீழே இருக்கிறானே கொக்கு, அவனுக்குத் தெரியுமோ என் வீட்டில் என்ன நடந்ததென்று? அவனுக்கு மாளிகை அப்படியே இருக்கிறது.

நீர் எந்த வாசலால் வந்தீர்? மேற்கு வாசலா. அப்படியென்றால் கண்டிருப்பீர். எமிலியன் ஆட்கள் ஐந்து பேரும் காட்போட் மட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், துண்டுப் பிரசுரம் கொடுக்கிறார்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நிற்கிறார்கள். அவர்களிலிருந்து பத்துப் பதினைந்து அடி தள்ளி, பழுப்பு நிறக் கோட்டோடு, கையில் மட்டை கிட்டை ஒன்றும் இல்லாமல் ஒரு மனுசன் நிற்கும். அது இவர்தான். அவர்கள் தள்ளி நிற்கச் சொல்லவில்லை. கிட்ட வரச் சொல்லவும் இல்லை. இவராகவே அந்த இடத்தைத் தெரிந்தெடுத்து நிற்கிறார். ஆட்டம் தொடங்க முந்தி வருவார், முடிந்து சனம் போகும் வரை நிற்பார். நாங்கள் இரண்டு பேரும் வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில்தான் வருகிறோம். அவர் முன்னாலே இருப்பார், நான் பின்னாலே. இறங்கி அவர் மேற்கு வாசல், நான் சுற்றிக்கொண்டு கிழக்கு வாசல். இரண்டு ரிக்கற்றும் எடுக்கிறேன். ஒரு நாளைக்கு மனம் மாறி மேலே வந்தால் ரிக்கற் இல்லையென்று நிற்கக் கூடாதே.

உங்கட ரீச்சர் எழும்புகிறா. ஒன்பதில் எட்டாவது இன்னிங்ஸ்தான், அதற்குள் போகிறீர்களா? பஸ்ஸுக்குப் பிந்திவிடும் என்று போலிருக்கிறது. ஏழுக்கு இரண்டு, இனி இருந்தும் பிரயோசனம் இல்லைத்தான். நான் கடைசி ஆள் அவுட்டாகும் வரை எழும்புவதில்லை.

பிள்ளை, ஒரு நிமிசம். மேற்கு வாசலால்தானே இறங்குவீர்? அந்த மனுசனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறீரோ. கொக்கு ஆறாவது இன்னிங்ஸ் வரைக்கும் நின்றான், அந்த இடக்கைப் பெடியன் இரண்டு அடித்தான் என்று. அவருக்கு அது தெரியவேணும், இல்லாவிட்டால் இரவு முழுக்கப் புரண்டுகொண்டு கிடப்பார், என்னிடம் கேட்கவும் மாட்டார்.

ஆர் சொல்லிவிட்டது என்று கேட்டால் பெயர் ஒன்றும் சொல்ல வேண்டாம். மேலே ஆரோ கதைத்துக்கொண்டிருந்தார்கள் என்று சொல்லும்.